மணி திண்ணை ஏறாத நாட்கள்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் நேற்று வந்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். இந்த ஐப்பசியில் மழை ஏமாற்றவில்லை, கண்மாயில் தண்ணீர் நிற்கிறது.

சரி, உன் வீட்டுப் புது வரவுக்கு வருகிறேன். மூன்று மாத லாப்ரடார் நாய்க்குட்டிக்குப் பாக்கெட் உணவே வேண்டாம், எல்லாம் ஆர்கானிக்காக வாங்கி வீட்டிலேயே சமைத்துப் போடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் பதிலைத் தள்ளிப்போட மனசு வரவில்லை. என் மணி விஷயத்தில் நானும் இதே முடிவைத்தான் எடுத்தேன். அதில் என்ன நடந்தது என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

மணி நம் ஊர் வேட்டை நாயான சிப்பிப்பாறை ஜாதி. இரண்டு மாதக் குட்டியாக வந்தான். இயற்கை அங்காடிச் சாமை, நாட்டுக்கோழி, தோட்டத்துப் பரங்கிக்காய் இவைதான் அவன் சாப்பாடு. உப்பில்லாமல் குழைய வேகவைத்து, எலும்பையெல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, கையாலேயே பிசைந்து வைப்பேன். தட்டை நக்கிச் சுத்தமாக்கிவிடுவான். ஐந்தாவது மாதம் ஒரு நாள் காலையில் திண்ணைக்குத் தாவப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். முன்னங்காலை ஊன்ற முடியவில்லை. வாரி எடுத்தேன். அப்போது அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிய வேண்டுமில்லையா? மணியின் கால் எலும்பு எது, சதை எது என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. என்ன சாப்பாடு போடுகிறேன் என்று கேட்டார். நான் சொல்லி முடித்ததும், "இதுல கால்சியம் எங்கம்மா இருக்கு?" என்றார்.

எலும்பில்லாத கோழிக்கறி நூறு கிராமில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், கால்சியமோ 15 மில்லிகிராம் தேறுவதே கஷ்டம். சாமையிலும் அதே கதைதான். நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். சாப்பாட்டில் கிடைக்காதபோது உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உருவி இரத்தத்துக்குக் கொடுக்கிறது. வளரும் குட்டிக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு! நான் போட்டதில் ஒரு துளி இரசாயனம் இல்லை, செல்வி. ஆனாலும் என் பிள்ளையின் எலும்பு கரைந்துகொண்டிருந்தது. ஆறு வாரம் அவனை ஓடவிடாமல் கூண்டில் வைத்துத் தேற்றினோம்.

இதைக் கேட்டதும் ஓடிப்போய்க் கால்சியம் சிரப் வாங்கி ஊற்றிவிடாதே. லாப்ரடார் மாதிரிப் பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு அது அதிகமானாலும் ஆபத்துதான். கொடுத்த கால்சியத்தில் வேண்டாததைத் தள்ளிவிடும் பக்குவம் அந்த வயதில் உடம்புக்கு வருவதில்லை. எலும்பு கோணலாக வளரும்.

ஆர்கானிக் சான்று தானியம் எப்படி விளைந்தது என்பதைச் சொல்லும். நாயின் உடம்புக்கு அது போதுமா என்பதை அந்த முத்திரை சொல்லாது. அதனால் பாக்கெட் வாங்கினாலும் முன்பக்கத்து 'நேச்சுரல்' என்ற எழுத்தைப் பார்த்து வாங்காதே. பின்பக்கம் திருப்பி, வளரும் குட்டிக்கு முழுமையான சமச்சீர் உணவு என்றும், பெரிய ஜாதிக்கும் ஏற்றது என்றும் போட்டிருக்கிறதா என்று பார். அதோடு ஆர்கானிக்காகவும் அமைந்தால் ரொம்ப நல்லது, எனக்கும் அதுதான் ஆசை. குட்டிக்கு ஒரு வயது தாண்டும்வரை இந்த வழியில் போவதுதான் பத்திரம் என்று நினைக்கிறேன். எதை மாற்றினாலும் பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஏழெட்டு நாளில் மாற்று, இல்லாவிட்டால் வயிற்றால் போகும்.

தானியமே இல்லாத உணவுதான் இயற்கை, நாய் ஓநாய் வம்சம்தானே என்று கேட்டிருந்தாய். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம் என்று 2013-இல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். மனிதனோடு சேர்ந்து சாப்பிட்டே அது மாறிவிட்டது. நம் தாத்தா வேட்டை நாய்களுக்குக் கம்மங்கூழ் ஊற்றி வளர்த்தது உனக்கு நினைவிருக்கும். தானியத்துக்குப் பதில் பட்டாணி, பருப்பு வகைகளை நிறையச் சேர்த்த உணவுகளுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமே 2018-இல் விசாரிக்கத் தொடங்கியது.

அப்புறம், அத்தை பாசத்தில் சாம்பார் சாதம் பிசைந்து வைப்பார்கள். எப்படியாவது சொல்லிப் புரியவை. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை, உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். தோட்டத்தில் மருந்தடிக்காமல் விளைந்தாலும் அதே விஷம்தான். வெந்த கோழி எலும்பும் வேண்டாம், ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

மணிக்கு இப்போது மறுபடியும் நான்தான் சமைக்கிறேன். கேழ்வரகு அல்லது அரிசி, கோழி, துளி ஈரல், வாரம் ஒரு நாள் மத்தி மீன். முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து வைத்திருக்கிறேன். அதையும் டாக்டர் கொடுத்த சத்துப் பொடியையும் அவர் எழுதித் தந்த அளவில் கலக்கிறேன். கண்ணளவே கிடையாது, தராசு வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் குட்டியை டாக்டரிடம் காட்டிவிட்டு எடை எவ்வளவு, என்ன சொன்னார் என்று எழுது. பொங்கலுக்கு வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே ஒருவன் திண்ணையை விட்டு இறங்காமல் காவல் இருக்கிறான்.

என்றும் அன்புடன்,
வள்ளி