ஓய்வுக்காலச் சேமிப்பை அறநெறி நிதிகளுக்கு மாற்றுவது குறித்து

அன்புள்ள மகனுக்கு,

என் ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் அறநெறி முதலீட்டு நிதிகளுக்கு மாற்றிவிட வேண்டும் என்று நீ எழுதியிருந்ததையும், கூடவே அனுப்பியிருந்த இரண்டு நிதிகளின் விளக்க அறிக்கைகளையும் பொறுமையாகப் படித்தேன். புகையிலையிலும் ஆயுதத்திலும் நிலக்கரியிலும் விளைந்த லாபத்தில் உன் தாய் முதுமையைக் கழிப்பது உனக்கு உறுத்துகிறது என்பது புரிகிறது. எனக்கும் அது உறுத்தாமல் இல்லை. நீ சொல்லும் இரண்டு காரணங்களில் ஒன்றை நான் ஏற்கவில்லை, மற்றொன்றை ஏற்கிறேன். எதற்காக மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே எவ்வளவு மாற்றுவது, எந்த நிதிக்கு மாற்றுவது என்பதும் அமையும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாம் விற்றுவிட்டால் அந்த நிறுவனங்களுக்குப் பணம் கிடைக்காமல் போகும் என்கிறாய். பங்குச்சந்தையில் நான் விற்கும் பங்கை வேறொருவர் வாங்குகிறார். பணம் அவரிடமிருந்து எனக்கு வருகிறது, சிகரெட் நிறுவனத்தின் கணக்கில் ஒரு காசு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அந்த நிறுவனம் புதிய பங்கு வெளியிடும்போதோ கடன்பத்திரம் விற்கும்போதோ நாம் வாங்க மறுத்தால்தான் அதன் கைக்கு நேரடியாகப் போகும் பணம் தடைபடும். மிகப் பலர் ஒரே நேரத்தில் ஒதுங்கினால் பங்கின் விலை இறங்கி, அந்த நிறுவனம் மூலதனம் திரட்டும் செலவு கூடலாம் என்பது உண்மைதான். ஆனால் விலை இறங்கிய பங்கை, இந்த உறுத்தல் எதுவும் இல்லாத ஒருவர் மலிவாக வாங்கி ஈவுத்தொகையை அனுபவிப்பார் என்பதையும் அதே கணக்கில் எழுத வேண்டும். ஆகவே, என் சிறு சேமிப்பு இடம் மாறுவதால் எங்கோ ஒரு சுரங்கம் மூடப்படும் என்று சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள விரும்பவில்லை.

தீங்கு என்று நாம் கருதும் தொழிலின் லாபத்தில் நமக்குப் பங்கு வேண்டாம் என்பது உன் இரண்டாவது காரணம். இதற்குச் சந்தையில் விளைவு எதையும் காட்டி நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை. 1758-இல் பிலடெல்பியாவில் கூடிய குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர், அடிமைகளை வாங்கி விற்பவர்களைத் தங்கள் சபைப் பொறுப்புகளிலிருந்து விலக்கி வைப்பது என்று முடிவு செய்தபோது, அந்த வணிகம் மறுநாளே நின்றுவிடும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1971-இல், ஆயுத உற்பத்தியில் தங்கள் பணம் கிடக்கக் கூடாது என்று கருதிய மெதடிஸ்ட் திருச்சபையினர் சிலர் அமெரிக்காவில் பாக்ஸ் வேர்ல்டு என்ற நிதியைத் தொடங்கியதும் இதே எண்ணத்தில்தான். இந்தக் காரணத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். மாற்றுவதாக இருந்தால் இதற்காகவே மாற்றுவேன்.

அப்படியானால் எதில் பங்கு வேண்டாம் என்பதை நாமே முதலில் முடிவு செய்தாக வேண்டும், ஏனெனில் நிதி நிறுவனம் கிழிக்கும் கோடு நம் கோடாக இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நீ அனுப்பிய முதல் அறிக்கையின் முன்பக்கத்தில் காற்றாலையும் பச்சை வயலும் இருக்கின்றன. உள்ளே, சிறிய எழுத்தில், ‘ஆண்டு வருவாயில் 5 சதவீதத்துக்கு மேல் புகையிலையிலிருந்து பெறும் நிறுவனங்கள் விலக்கப்படும்’ என்று இருக்கிறது. அந்த வரம்புக்குக் கீழே சிகரெட் விற்கும் ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனம் தாராளமாக உள்ளே இருக்கலாம். பின்னிணைப்பில் உள்ள பங்குகளின் பட்டியலை எடுத்து, நான் இப்போது வைத்திருக்கும், சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டின் பட்டியலோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். மேலே உள்ள பெயர்களில் பெரும்பாலானவை இரண்டிலும் ஒன்றுதான்: பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள், மருந்து நிறுவனங்கள், வங்கிகள். நிலக்கரிச் சுரங்கம் பட்டியலில் இல்லை. சுரங்கத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கி இருக்கிறது. பழக்கதோஷத்தால் நான் இப்படித்தான் பார்ப்பேன் என்று நீ சிரிப்பாய், ஆனால் இத்தனை ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தவள் முன்பக்கப் படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட மாட்டாள்.

ஈ.எஸ்.ஜி. என்ற மதிப்பெண்ணையும் அறத்தையும் நீ ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறாய். அந்த மதிப்பெண்களில் பெரும்பாலானவை, சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகிய விவகாரங்களால் அந்த நிறுவனத்தின் வருமானத்துக்கு எவ்வளவு ஆபத்து, அதே துறையில் உள்ள மற்றவற்றோடு ஒப்பிட்டால் அது எப்படி நிற்கிறது என்பதையே அளக்கின்றன. 2022 மே மாதம், அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ்&பி 500 ஈ.எஸ்.ஜி. குறியீட்டிலிருந்து மின்சாரக் கார் தயாரிக்கும் டெஸ்லா நீக்கப்பட்டு, எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் அதில் நீடித்ததற்கு இதுதான் விளக்கம். விதிப்படி அதில் பிழையில்லை. ஆனால் எண்ணெய் வேண்டாம் என்று ஒதுங்க நினைத்த ஒருவர் அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் நிதியை வாங்கியிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்.

நார்வேயின் அரசு ஓய்வூதிய நிதி இதில் எனக்குப் பிடித்த முன்மாதிரி. 2004-இல் அறநெறி வழிகாட்டுதல்களை வகுத்துக்கொண்டு, 2010-இல் புகையிலை உற்பத்தியாளர்களை விலக்கியது. யாரை விலக்கியிருக்கிறோம், ஏன் விலக்கினோம் என்பதை வெளிப்படையாக வெளியிடுகிறது. தொழிலாளர் உரிமைப் புகார்களுக்காக 2006-இல் விலக்கிய வால்மார்ட்டை 2019-இல் திரும்பவும் சேர்த்துக்கொண்டது. அந்த நிதிக்கு அடித்தளமான பணம் எண்ணெயிலும் எரிவாயுவிலும் வந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வரத்தான் செய்கிறது. இருந்தாலும், தூய்மையானவர்கள் மட்டுமே கோடு கிழிக்கலாம் என்றால் ஒருவரும் கிழிக்க முடியாது.

இனி பணக் கணக்கு. ஓய்வுக்காலச் சேமிப்பு என்பது என் மாதச் செலவு. நான் தவறாகக் கணக்குப் போட்டால் அதைச் சுமக்கப்போவது நீ. அறநெறி நிதிகள் எப்போதும் குறைவாகத்தான் தரும் என்றும் சொல்ல முடியாது, எப்போதும் கூடுதலாகத் தரும் என்றும் சொல்ல முடியாது. ஒரு துறையை முழுவதுமாக ஒதுக்கினால் அந்தத் துறை ஏறும் ஆண்டில் பின்தங்குவோம்: 2022-இல் எஸ்&பி 500 குறியீடு ஏறத்தாழ 19 சதவீதம் சரிந்தபோது, அதற்குள் இருந்த எரிசக்தி நிறுவனங்கள் 50 சதவீதத்துக்கும் மேல் ஏறின. அத்தகைய ஓர் ஆண்டைப் பொறுத்துக்கொள்ளும் மனம் இல்லாதவர் பயந்துபோய்த் திரும்ப மாற்றி, இரண்டு முறை நட்டப்படுவார். கட்டணம் இதைவிட நிச்சயமான இழப்பு. ஆண்டுக்கு 1 சதவீதம் கூடுதல் நிர்வாகக் கட்டணம், 20 ஆண்டுகளில், சேர்ந்திருக்க வேண்டிய தொகையில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் தின்றுவிடும். முதல் நிதியின் கட்டணத்தை நான் இப்போது கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பார். முக்கால்வாசி ஒரே பங்குகளை வைத்திருப்பதற்கு அவ்வளவு கொடுக்க எனக்கு மனமில்லை. வெளியேறும் கட்டணமும், விற்கும்போது விழக்கூடிய வரியும் கணக்கின் வகையைப் பொறுத்தவை. அவற்றை ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

ஆகவே நான் எண்ணியிருப்பது இதுதான். அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் எனக்குத் தேவைப்படும் பணம் அரசுக் கடன்பத்திரங்களிலும் வைப்புத்தொகையிலும் இருக்கிறது; அது அங்கேயே இருக்கட்டும். அதற்கப்பால் தேவைப்படும் பங்குப் பகுதியை மட்டும், ஒரே நாளில் இல்லாமல் சில தவணைகளாக, நீ அனுப்பிய இரண்டாவது நிதிக்கு மாற்றலாம். அது புகையிலை, ஆயுதம், நிலக்கரி ஆகிய மூன்றையும் தெளிவாக விலக்குகிறது, கட்டணமும் குறைவு. ஆயிரம் நல்ல நோக்கங்களைச் சொல்லி எதையும் திட்டமாகச் சொல்லாத நிதியைவிட, மூன்று பொருள்களை மறுத்து அதைக் காப்பாற்றுகிற நிதி எனக்குப் போதும்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. பங்குதாரராக உள்ளே இருந்துகொண்டு நிறுவனத்தையே திருத்துவதும் ஒரு வழி என்று நீயே முன்பு வாதிட்டிருக்கிறாய். 2021-இல் எஞ்சின் நம்பர் 1 என்ற சிறிய முதலீட்டு நிறுவனம், எக்ஸான்மொபிலில் ஏறத்தாழ 0.02 சதவீதப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் இயக்குநர் குழுவில் மூன்று இடங்களைப் பிடித்தது. பெரிய நிதிகள் வாக்களித்ததால்தான் அது நடந்தது. என் பணத்தை வைத்து என் சார்பில் வாக்களிக்கப்போவது இந்த நிதியின் மேலாளர். அவர்கள் கடந்த ஆண்டுகளில் பங்குதாரர் கூட்டங்களில் எப்படி வாக்களித்தார்கள் என்ற அறிக்கை நீ அனுப்பியவற்றுள் இல்லை. அதைத் தேடி எடுத்து எனக்கு அனுப்பு. மாற்றுப் படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். அந்த வாக்களிப்பு அறிக்கையைப் படித்த பிறகு கையெழுத்திடுகிறேன்.

அன்புடன்,
அம்மா