அப்பாவின் கால் புண் ஆறியது, உங்களுக்கெல்லாம் நன்றி

எங்கள் தெருவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இஸ்திரி வண்டி மறுபடி வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டது. அப்பாவின் இடது கணுக்கால் புண் முழுசாக மூடிவிட்டது. விசாரித்துக்கொண்டே இருந்த ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு. அதுவரை பார்த்தவர்களெல்லாம் சர்க்கரைப் புண் என்றே சொன்னார்கள். சோதித்தால் அப்பாவுக்குச் சர்க்கரையே இல்லை. இங்கே டாக்டரம்மா கணுக்காலைச் சுற்றிக் கறுத்துத் தடித்திருந்த தோலைப் பார்த்ததுமே, "நின்னுக்கிட்டே செய்யற வேலையா?" என்று கேட்டார். ரத்தத்தை மேலே ஏற்றிவிடும் சிரைகளில் வால்வுகள் பழுதானால் ரத்தம் காலிலேயே தேங்கும். அழுத்தம் கூடிக் கூடித் தோல் கெட்டு, சின்னக் கீறல்கூட ஆறாமல் புண்ணாகிவிடும். இதற்கு இறுக்கக் கட்டுத்தான் முக்கிய வைத்தியம். ஆனால் எடுத்த எடுப்பில் கட்டிவிடவில்லை. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் அளந்து, காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பில்லை என்று தெரிந்த பிறகே கட்டினார்கள். அடைப்பு இருந்தால் அந்தக் கட்டே காலுக்கு ஆபத்தாகிவிடுமாம்.

கட்டு மாற்றிய சிஸ்டருக்கு என்ன சொல்வது! நீர் வடிந்து வாடை அடித்த நாட்களிலும் முகம் சுளித்ததில்லை. பாதவிரல் அடியில் தொடங்கி முழங்காலுக்குக் கீழ் வரை, முந்தின சுற்றில் பாதி மறைகிற மாதிரி பட்டையைச் சுற்றுவார். முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார். மஞ்சளோ வேப்பிலைப் பொடியோ தூவ மாட்டேன் என்று அப்பாவிடம் சத்தியமே வாங்கிவிட்டார்.

காத்திருந்த நேரத்துக்குக் காசு வாங்காத ஆட்டோ அண்ணனுக்கும், உயரமான ஸ்டூல் தந்த மூன்றாம் மாடித் தாத்தாவுக்கும் நன்றி. நெஞ்சுக்கு மேலே கால் இருக்கும்படி தலையணை அடுக்கி அப்பா படுத்திருந்த நாட்களில், துணியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தீர்கள். அம்மாவும் நானும் தேய்த்ததைக் குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டீர்கள் (காலரில் சுருக்கம் இருந்தது எங்களுக்கும் தெரியும்).

புண் திரும்ப வராமலிருக்க, காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே அப்பா அழுத்தக் காலுறை போட்டுக்கொள்கிறார். அவ்வப்போது தெருமுனை வரை நடப்பார். கெண்டைக்கால் சதை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வண்டியில் ஆள் இல்லையென்றால் திரும்பிப் போய்விடாதீர்கள். துணியை வைத்துவிட்டுப் போங்கள், வந்து தேய்த்து வைப்பார்.

நன்றியுடன்,
இஸ்திரிக்காரர் மகள்