தாண்டிய பிறகு தெரியும் பலகை: மலைச்சாலைத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மலைச்சாலைப் பொறியாளர்களுக்கும் காட்சிமுனைகளைப் பராமரிக்கும் சுற்றுலா அலுவலர்களுக்கும்,

வணக்கம். இந்தப் பக்கத்து நகரத்திலிருந்து மலையேறி, அந்தப் பக்கம் இறங்கி அடுத்த நகரத்துக்குப் போகும் சாலையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போட்டவர்கள் நீங்கள். நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரம். நாலு இடத்தில் இறங்கிப் பார்த்துக்கொண்டு போனால் ஐந்து. நான் ஐந்து மணி நேரக் கணக்கில்தான் கிளம்பினேன். முந்தின இரவே வரைபடத்தை விரித்து, எந்தக் காட்சிமுனை எந்தத் திசை பார்த்திருக்கிறது என்றுகூடக் குறித்துவைத்தேன். வெயில் நம் முதுகுப் பக்கம் இருந்தால்தான் பள்ளத்தாக்கு துலங்கும். ஆகவே காலையில் மேற்கு பார்த்த இடங்கள். இப்படியெல்லாம் திட்டம் போடுகிறவன் என்று வீட்டில் எனக்குக் கெட்ட பெயர் உண்டு.

அந்தத் திட்டம் ஆறாவது கொண்டை ஊசி வளைவு வரை உயிரோடு இருந்தது.

பின்னிருக்கையில் அம்மா. எழுபது வயது. "தலையைச் சுத்துதுப்பா, எங்கயாச்சும் நிறுத்தேன்" என்றார். "இதோ வியூ பாயிண்ட் வருதும்மா, அங்க நிறுத்திடறேன்" என்றேன். வந்தது. வளைவைத் திருப்பி ஸ்டியரிங்கை நேராக்கும்போதுதான் பலகை கண்ணில் பட்டது. அதற்குள் நுழைவாயில் எனக்குப் பின்னால். அதற்கும் பின்னால், என்னை ஒட்டியபடி ஒரு லாரி. எப்படி நிறுத்துவது? இரண்டாவது காட்சிமுனை எதிர்ப்பக்கம் இருந்தது. எதிரே வருவது தெரியாத வளைவில் சாலையைக் குறுக்கே கடக்க எனக்குத் துணிச்சல் இல்லை. மூன்றாவது பூட்டிக் கிடந்தது. ஏன் என்று எழுதிவைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் "அடுத்ததுல நிறுத்திடறேன்மா" என்றேன். மூன்றாவது முறைக்குப் பிறகு அம்மா பதில் சொல்லவில்லை.

கடைசியில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினேன். அம்மா தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தார். நான் அவரைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. வளைவின் முனையில் நின்று, ஏறி வரும் பேருந்துக்கு அவருடைய துண்டை ஆட்டிக்கொண்டிருந்தேன். பேருந்து ஓட்டுநர் திட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியது சரி. தவறு என்னுடையது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தவறில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று பணிவோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. காட்சிமுனைப் பலகையைக் காட்சிமுனையில் வைக்காதீர்கள். 500 மீட்டருக்கு முன்னால் வையுங்கள். 200 மீட்டரில் இன்னொன்று. எந்தப் பக்கம், எத்தனை வண்டி நிற்கும், கழிப்பறை உண்டா, இன்று திறந்திருக்கிறதா என்ற நான்கு விவரம் அதில் இருந்தால் போதும்.

கணக்கு உங்களுடையதுதான். ஓட்டுநர் ஒன்றைக் கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க 2.5 விநாடி என்று வைத்துத்தான் சாலைகளை வடிவமைக்கிறீர்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகும். அதாவது கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே ஏறக்குறைய 28 மீட்டர் போய்விடும். அதன் பிறகு நிற்க ஆகும் தூரம் தனி. இறக்கத்தில் அது இன்னும் நீளும். உங்கள் பலகையோ பதினைந்து மீட்டரில் தரிசனம் தருகிறது.

காட்சிமுனை என்றால் படம் எடுக்கிற இடம் மட்டும்தான் என்று எண்ணிவிட்டீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வளைவில் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'திரும்புகிறோம்' என்கிறது. முன்னிருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'அசையவே இல்லை' என்கிறது. இந்தச் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. இறங்கி நின்று, அசையாத தொடுவானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தால் பலருக்கு அடங்கிவிடும். இறக்கத்தில் கீழ் கியரில் வராமல் பிரேக்கையே மிதித்து வந்தவர்களின் வண்டி கருகல் வாடை அடிக்கும்போது ஆறவிடவும் இதே இடங்கள்தான். அழகு அப்புறம்.

அழகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்தில் 'இயற்கையை ரசித்துச் செல்லுங்கள்' என்று வளைவு கட்டி வரவேற்கிறீர்கள். அங்கிருந்து உச்சி வரை 'வாகனங்களை நிறுத்தாதீர்' என்று எச்சரிக்கிறீர்கள். ஓட்டிக்கொண்டே ரசிக்கச் சொல்கிறீர்களா? ஒருவழியாக நாங்கள் நிறுத்த முடிந்த நாலாவது காட்சிமுனையில் ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்துகளில், விளக்கெல்லாம் போட்டு நட்டுவைத்திருக்கிறீர்கள், சரியாகப் பள்ளத்தாக்கை மறைத்து. இரண்டு எழுத்துகளுக்கு இடையில் தெரிந்த மலையைத்தான் அம்மா பார்த்தார். அந்த எழுத்துகளுக்கு ஆன செலவில் எத்தனை அறிவிப்புப் பலகைகள் வைத்திருக்கலாம் என்று கேட்க வாய் வருகிறது. கேட்கவில்லை.

மன்னிக்கவும், மடல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. புதிய காட்சிமுனை வேண்டாம், கோபுரம் வேண்டாம், கண்ணாடிப் பாலம் வேண்டாம். இருப்பது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். 500 மீட்டருக்கு முன்னால் ஒரு பலகை. பூட்டிய இடமென்றால் 'இன்று மூடப்பட்டுள்ளது' என்று அதன் மேல் ஒரு தகரத் துண்டு.

அடுத்த மாதம் அம்மாவை இதே சாலையில் திரும்ப அழைத்து வர வேண்டும். ரயிலில் போய்விடலாமா என்று இப்போதே கேட்கிறார். மலையைச் சுற்றிக்கொண்டு போனால் நாள் முழுக்க ஆகும். எல்லா இடத்திலும் முடியாவிட்டாலும், அந்த ஆறாவது வளைவுக்கு முன்னால் மட்டுமாவது அதற்குள் ஒன்று வைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
துண்டை ஆட்டிக்கொண்டு நின்றவன்