தாய் வீட்டுக்கு வருமுன்: சரோஜாவுக்கு ஒரு கடிதம்

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அதைவிடச் சந்தோஷம் உன் மகள் கலைவாணி முழுகாமல் இருக்கிற சேதி. வளைகாப்பு முடிந்ததும் அம்மாப்பேட்டை மாமியார் வீட்டிலிருந்து ஏற்காட்டு மலைக்கு அழைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக அழைத்துக்கொள். ஆனால் மாமியார் வீட்டுக்கும் தாய் வீட்டுக்கும் நடுவில்தான் நம் பெண்கள் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறார்கள். அங்கே இருக்கிற நர்சம்மா, ‘அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்’ என்று விட்டுவிடுவார். மலையில் இருக்கிறவருக்கு அவள் வந்ததே தெரியாது. பிரஷர் ஏறுவதும் அந்தக் கடைசி மாதங்களில்தான்.

புறப்படும் முன் அவள் அட்டையில் 12 இலக்க ஆர்.சி.எச். எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் பதிவு எண்) இருக்கிறதா பார். பிக்மி எண் என்று கேட்டாலும் தெரியும். தனியார் டாக்டரிடம் மட்டும் காட்டியிருந்தால் சில சமயம் விட்டுப்போயிருக்கும். 102-க்குப் போன் செய்தால் பதிய வழி சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். மலைக்கு வந்த வாரமே உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் காட்டு. பழைய எண்ணே செல்லும், புதிதாகப் பதிய வேண்டாம். அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்குத் தகுதி இருந்தால் (பணம் 14,000, ஊட்டச்சத்துப் பெட்டகங்களோடு 18,000 ரூபாய்) அதுவும் இந்தப் பதிவை வைத்துத்தான் வரும்.

மாத்திரை விஷயத்தில் காபித் தோட்டத்து வீடுகளில் ஒரு தொல்லை. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகத்தான் போடுவார்கள், ஆனால் காபி டம்ளரோடு. காபியும் டீயும் இரும்பை உடம்பில் ஏறவிடாது, கால்சியமும் அப்படித்தான். கால்சியம் 500 மில்லிகிராம், காலையும் மதியமும் சாப்பாட்டோடு கொடு. இரும்பு மாத்திரை தினம் ஒன்று, ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறோடு. மலம் கறுப்பாகப் போகும், அதற்காக நிறுத்தக் கூடாது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. மாத்திரை போட்டும் ஏறவில்லை என்றால் ஊசி வழியாக ஏற்றலாமா என்று டாக்டரிடம் கேள். 7-க்குக் கீழே போனால் மலையில் வைத்திருக்கவே கூடாது.

சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது, இன்னொரு நாள் செய்யச் சொல். ஆரம்பத்தில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். நம் ஊர் ஜவ்வரிசிக் கஞ்சி உடம்பைத் தேற்றும் என்று ஊற்றிக்கொண்டே இருக்காதே. அது முழுக்க மாவுச்சத்துதான். உங்கள் மலைக் கேழ்வரகும் கொள்ளும் முட்டையும் எவ்வளவோ மேல்.

இனி இறங்குகிற விஷயம். ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, பனி இறங்கினால் வண்டி ஊர்ந்துதான் வரும். வலி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை வரட்டும் என்பதெல்லாம் டவுன்காரர்களுக்கு. நீ பத்து நிமிஷ இடைவெளியிலேயே 108-ஐக் கூப்பிடு. எஸ்டேட் பெயரோடு வண்டி வந்து நிற்கக்கூடிய இடத்தையும் சொல். பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்காதே. தண்ணீர் பச்சையாக இருந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ உடனே கிளம்பு. பிரஷர் 140/90-ஐத் தொட்டாலோ இரட்டைக் குழந்தை என்றாலோ 36 வாரத்திலேயே இங்கே என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடு. மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரி பக்கம்தான், சிசேரியன், ரத்தம், பச்சிளங்குழந்தைப் பிரிவு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரு சிக்கலும் இல்லாவிட்டாலும் 38 வாரத்தில் வந்துவிடுவது நல்லது என்பேன். உன் சம்பந்தியம்மா கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைக்க யாரையும் விடாதே. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போதும். காம்பை மட்டும் கவ்வினால் புண்ணாகிவிடும். வாய் அகலத் திறந்து கறுப்பு வட்டமும் உள்ளே போக வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து தினம் ஆறு தடவையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம், புட்டிப்பால் தேடாதே. மலைக்குளிருக்குக் கரி அடுப்பு மூட்டாதே. குழந்தையை அம்மா மார்போடு தோல் படும்படி அணைத்து, மேலே கம்பளி போர்த்தினால் போதும். உள்ளங்கால் வரை மஞ்சள் பாய்ந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. முதல் சில நாள் கலைவாணி காரணமில்லாமல் அழுவாள், அது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமின்றி, குழந்தை மேல் பிடிப்பின்றி இருந்தால் 14416 மனநல உதவி எண்ணில் பேசு, காசு கிடையாது. ‘பேய் பிடித்தது’ என்று மந்திரிக்கக் கிளம்பிவிடாதே.

அவள் ரத்த வகை என்ன என்று நீ எழுதவே இல்லை. நெகட்டிவாக இருந்து மாப்பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்றால் 28-ஆம் வாரம் ஆன்டி-டி ஊசி (தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுப்பது) பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். குழந்தையும் பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதியையும் சேர்த்து உடனே எழுது.

அன்புடன்,
வசந்தா