தொட்டிக்கு எந்தப் பக்கம் நிற்பது

அன்பு மகனுக்கு,

உன் தம்பி பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு நீயே படம் எடுக்கிறாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபிளாஷ் வேண்டாம். ஜெபம் நடக்கும்போது பளிச்சென்று அடித்தால் கோயிலே திரும்பிப் பார்க்கும், குழந்தையும் மிரளும். ஃபோகஸுக்காக முன்னால் எரியுமே ஒரு சின்ன விளக்கு, அதையும் பீப் சத்தத்தையும் அணைத்துவிடு. சத்தமில்லாத ஷட்டரை நம்பிப் போகாதே. எல்.இ.டி. வெளிச்சத்தில் படம் முழுக்கக் கோடு விழலாம், முன்னாலேயே எடுத்துப் பார்த்துக்கொள். உன் 50 மி.மீ. லென்ஸ் போதும். எஃப் 1.8 வரை திறக்கிறது என்று அதிலேயே வைத்துவிடாதே. அவ்வளவு கிட்டத்தில் குழந்தையின் கண் தெளிவாக இருந்தால் தண்ணீர் ஊற்றுகிற கை கலங்கிவிடும். 2.8 வை. ஷட்டர் 1/200க்குக் கீழே இறங்க வேண்டாம். வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறினால் ஏறட்டும். புள்ளி புள்ளியாக விழுந்த படத்தைக்கூட வைத்துக்கொள்ளலாம், ஆடிப்போன படத்தை என்ன செய்வது? ஜன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்து நிறம் குழம்பும், அதனால் பிறகு திருத்த வசதியாக ரா ஃபைலாகவே எடு. சுற்றிலும் இருட்டாக இருக்கும்போது வெள்ளை உடுப்பு வெளுத்துப் போகும், அதையும் பார்த்துக்கொள். இதெல்லாம் உனக்குத் தெரியாததா! வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்கிற கண் உனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. நான் பழகித்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கே நிற்கப்போகிறாய் என்பதுதான் எனக்குக் கவலை.

வாசலில் பெயர் கேட்டு நெற்றியில் சிலுவை போடும்போது நெருக்கமாக நின்று எடு. நெஞ்சில் எண்ணெய் பூசும்போது எடுக்க முடியவில்லை என்றால் பரவாயில்லை. தண்ணீர்தான் முக்கியம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று ஃபாதர் மூன்று முறை ஊற்றுவார், எல்லாம் சில நொடிதான். அவருக்குப் பின்னால் நின்றால் முதுகுதான் கிடைக்கும். தொட்டிக்கு எதிர்ப்பக்கம் நில். ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் அங்கேதான் நிற்பார்கள், கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லிவிட்டால் போதும்.

ஞானத்தகப்பன் யார் என்று உனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. தம்பி எடுத்த முடிவு. நீயும் பேசாமல் இருந்த அந்த இரண்டு வருஷத்தில் அவனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். சரி, விடு. கேமரா வைத்திருக்கிறவனை 'ஏன் தள்ளி நிற்கிறாய்' என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதற்காகத்தான் ஒத்துக்கொண்டாயோ என்று ராத்திரி எல்லாம் யோசனை. இல்லை என்றால் சந்தோஷப்படுவேன்.

தலையில் கிறிஸ்மா தைலம் பூசி, வெள்ளை ஆடை போட்ட பிறகு, பாஸ்கா திரியிலிருந்து குழந்தைக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுவார்கள். அதை ஞானத்தகப்பன்தான் ஏற்ற வேண்டும் என்று இல்லை. குடும்பத்தில் ஒருவர் ஏற்றலாம், ஃபாதரிடமே கேட்டுவிட்டேன். தம்பியிடமும் சொன்னேன், பெரியப்பா ஏற்றட்டுமே என்று. அவன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனை உனக்குத் தெரியுமே, வேண்டாம் என்றால் உடனே சொல்லிவிடுவான்.

அந்த ஒரு படத்தை நான் எடுக்கிறேன். கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு நீ போ. சுடருக்கு வெளிச்ச மீட்டர் பார்த்தால் முகமெல்லாம் கறுத்துவிடும், முகத்துக்குத்தான் பார்க்க வேண்டும். அது இன்னும் எனக்கு மறக்கவில்லை. கை கொஞ்சம் நடுங்குகிறது, அதனால் ஷட்டரை மட்டும் 1/250இல் வைத்துக் கொடு. நீ திரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் எனக்கு வேண்டும். அம்மாவுக்கும் வேண்டும், அவள் உன்னிடம் கேட்க மாட்டாள்.

முதல் நாளே வந்துவிடு. சடங்கு நடக்கிற அதே நேரத்துக்குக் கோயிலைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், வெளிச்சம் பார்க்கலாம். தொட்டிக்குப் பக்கத்தில் யாராவது நின்றால்தானே சரியாகத் தெரியும், தம்பியை வரச் சொல்லியிருக்கிறேன். பேட்டரி இன்னொன்று எடுத்துக்கொள். ஃபிளாஷைக் கொண்டுவராதே.

அன்புடன்,
அப்பா