தேர்ச்சி சதவீதத்தை எதால் வகுக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே அரசுப் பள்ளிகளைத் தேர்ச்சி சதவீதப்படி மேலும் கீழுமாக அடுக்கிப் போடுவது நாளிதழ்களுக்கு வழக்கமாகிவிட்டது. உங்கள் நாளிதழும் அதைச் செய்கிறது. மாணவர்களுக்கான ரேங்க் அறிவிப்பை 2017-லேயே அரசு நிறுத்திவிட்டது. பள்ளிகளுக்கு மட்டும் அது நின்றபாடில்லை.

2025-இல் 8,71,239 பேர் தேர்வு எழுதி 8,17,261 பேர் தேறினார்கள். 93.80 சதவீதம். இங்கே வகுக்கும் எண், எழுதியவர்களின் எண். பொதுத் தேர்வுக்குப் பள்ளி அனுப்பும் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோலில் பெயர் இருந்தும் தேர்வுக்கே வராதவர்கள் இதில் சேர மாட்டார்கள். 2023-இல் பிளஸ் 2 தமிழ்த் தாளுக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் வரவில்லை என்பது பெரிய செய்தியானது. அவர்களில் எந்தத் தாளுக்கும் வராதவர்களால் எந்தப் பள்ளியின் சதவீதமும் குறைந்திருக்காது.

ஒரு பள்ளியை எண்ணிப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் 120 பேர். பத்தாம் வகுப்பு நாமினல் ரோலில் 104. எழுதியவர் 98, தேறியவர் 94. வாசலில் கட்டும் பேனரில் 96 சதவீதம் இருக்கும். 120-ஆல் வகுத்தால் 78. இடையில் போன 16 பேரில் சிலர் நியாயமாகவே வேறு பள்ளிக்கு மாறியிருப்பார்கள். மற்றவர்களுக்கு டி.சி. போட்டதும் பெயர் மாணவர் விவரங்களைப் பதியும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ‘காமன் பூல்’ என்ற பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறொரு பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்க்கும்வரை அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியின் கணக்கிலும் இல்லை. எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. சில தனியார் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்போடு ‘தேறாது’ என்று அனுப்பிவைக்கும் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வது பக்கத்து அரசுப் பள்ளிதான். அதன் சதவீதம் இறங்கும். அனுப்பிய பள்ளிக்கு நூறு.

அடுத்தது, யார் படிக்கிறார்கள் என்பது. தமிழ்வழியும் ஆங்கிலவழியும் உள்ள இரண்டு பள்ளிகள், தலா 100 பேர். முதல் பள்ளியில் ஆங்கிலவழியில் 80 பேர் எழுதி 76 பேரும், தமிழ்வழியில் 20 பேர் எழுதி 15 பேரும் தேறினால் மொத்தம் 91. இரண்டாவதில் ஆங்கிலவழியில் இருப்பது 20 பேர்தான், அத்தனை பேரும் தேர்ச்சி, தமிழ்வழியில் 80-க்கு 64, மொத்தம் 84. இரண்டு பிரிவிலும் இரண்டாவது பள்ளியே மேல். ஆனால் பட்டியலில் அது கீழே நிற்கும், அதன் தலைமையாசிரியர் மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆண்கள் பள்ளியையும் பெண்கள் பள்ளியையும் ஒரே வரிசையில் வைப்பதும் இதே தவறு. 2025-இல் மாநில அளவிலேயே மாணவியர் 95.88, மாணவர் 91.74. சிறிய பள்ளிக்கு இன்னொரு சிக்கல்: 20 பேர் எழுதும் இடத்தில் ஒருவர் தவறினாலே ஐந்து சதவீதம் போய்விடும். ஓராண்டு எண்ணை விட்டு மூன்றாண்டுச் சராசரியைப் பார்த்தால்தான் அங்கே ஏதாவது புரியும்.

பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிப் பட்டியல்கள் பேசுவதே இல்லை. அறிவியலில் செய்முறைக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. செய்முறை பொதுத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். அதைத் தவறவிட்டவன் எழுத்துத் தேர்வுக்குத் திரும்பி வந்து நன்றாகவே எழுதினாலும் அறிவியலில் கரையேறுவது கடினம். திருப்பூர் போன்ற ஊர்களில் ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளைகள் நடுவில் வந்து சேர்கிறார்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயம். ஏழாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு மூன்றே ஆண்டில் அது வந்துவிடுமா?

நூறு சதவீத நெருக்கடி வகுப்பறையில் என்ன செய்கிறது என்று கணக்குப் பாடத்தில் பார்க்கலாம். வரைபடத்துக்கு 8, செய்முறை வடிவியலுக்கு 8. ‘மெல்லக் கற்போர்’ கையில் தேறுவதற்கு மட்டும் போதுமான பாடத்தைச் சுருக்கித் தரும் மினிமம் மெட்டீரியலைக் கொடுத்து இந்த 16 மதிப்பெண்ணையே திரும்பத் திரும்பப் போட வைப்பார்கள். தேர்ச்சிக்கு வேண்டிய 35-க்கு மீதி 19. ஒரு மதிப்பெண் வினாக்களும் சில இரண்டு மதிப்பெண் வினாக்களும் போதும். தேர்ச்சி வந்துவிடும். பின்னத்தைக் கூட்டத் தெரியாமல் அதே பிள்ளை பிளஸ் 1 வணிகவியலில் உட்காருவான். இதற்கு ஆசிரியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கேட்ட எண்ணை அவர் கொடுத்துவிட்டார்.

பெற்றோர்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்க வேண்டிய விவரங்கள் எமிஸ் பதிவிலேயே கிடக்கின்றன: முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், டி.சி. பெற்றவர் எத்தனை, அவர்களில் வேறு பள்ளியில் சேர்ந்தவர் எத்தனை; பிறகு நாமினல் ரோல், எழுதியவர், தேறியவர். தேறியவர் எண்ணைப் பயிற்றுமொழி, ஆண்-பெண், சமூகப் பிரிவு வாரியாகவும், மாற்றுத்திறனாளிகளைத் தனியாகவும் கேளுங்கள். ஜூலைத் துணைத் தேர்வில் தேறியவர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். பேனர் கட்டிய பிறகு அவர்களை யாரும் எண்ணுவதில்லை.

குழுவில் பதில் வராவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும். பெயர்களைக் கேட்காதீர்கள், மறுத்துவிடுவார்கள், எண்ணிக்கை போதும். நாளிதழில் அச்சிடும்போது ஐந்து பேருக்குக் குறைவான பிரிவை மட்டும் தனியாகப் போட வேண்டாம். ஊரில் யார் பிள்ளை என்று உடனே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
விழுப்புரம் மாவட்டம்.