சால்வைக்காரத் தங்கச்சிக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

வணக்கம்.

2024 ஜூலை 27, சனிக்கிழமை. கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் ஏ.ஆர். ரகுமானின் இசை நிகழ்ச்சி. பட்டர்வொர்த்திலிருந்து தோழிகள் நாலு பேர் அதற்குப் போய், ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். அப்படிச் சேர்த்துவிட்டவர்களில் ஒருவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் ஊரறிய இந்த மடல்.

எங்களில் ஒருத்திக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கோல் ஊன்றிப் பத்தடி நடப்பாள், அதற்கு மேல் சக்கர நாற்காலிதான். "நான் வந்தா உங்க மூணு பேருக்கும் தொந்தரவு" என்று டிக்கெட் எடுக்கும்போதே மறுத்தாள். ஆனால் அவளை விட்டுவிட்டு இந்தக் கச்சேரியை நாங்கள் எப்படிக் கேட்பது? 1992இல், ரகுமானின் இசை முதன்முதலாகத் திரைக்கு வந்த வருஷம், நாங்கள் ஐந்தாம் படிவ மாணவிகள். ஆளுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) போட்டு ஒரே ஒரு கேசட் வாங்கினோம். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீட்டுக்கு ஒரு வாரம் என்று அது சுற்றியது. யார் வீட்டில் எந்த வாரம் என்று நோட்டில் தேதி போட்டு எழுதி, சண்டை வராமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

இ.டி.எஸ். என்ற விரைவு மின்ரயிலில் கதவோரத்து இருக்கையை எங்களுக்கு விட்டுக்கொடுத்து, ஈப்போவில் இறங்கும்போது எங்கள் பெட்டியையும் சரியாக வைத்துவிட்டுப் போன தம்பதிக்கு முதல் நன்றி.

நகருக்குள் ஒரு நிலையத்தில் மின்தூக்கி ஓடவில்லை. படிக்கட்டைப் பார்த்ததும் அவள் முகம் வாடிப்போனது. வேலை முடிந்து வந்துகொண்டிருந்த இரண்டு தொழிலாளர்கள், ஒருவர் இராமநாதபுரத்துத் தம்பி, மற்றவர் வங்காளதேசத்துக்காரர், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இரண்டு பக்கமும் பிடித்தார்கள். "அக்கா, கண்ணை மூடிக்குங்க, பயமா இருக்காது" என்றார் அந்தத் தம்பி. மேலே போய்ச் சேர்ந்ததும் மூச்சு வாங்க நின்றவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் கொடுக்கலாம் என்று திரும்புவதற்குள் ரயில் வந்து ஏறிவிட்டார்கள். உங்கள் இருவரின் தாய்மாரும் நன்றாக இருக்க வேண்டும்.

1998இல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காகத் திறந்த அரங்கம் அது. எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அந்தக் கூட்டத்துக்குள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நுழைய எனக்கு உண்மையிலேயே கை நடுங்கியது. எங்கள் இருக்கையோ படி ஏறிப் போக வேண்டிய வரிசை. வாசலில் நின்ற மலாய்க்காரக் காவல் பெண் பார்த்தார். "தாக் அப்பா காக், சாயா ஜாகா." பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றவர், மேலதிகாரியிடம் பேசி, படியில்லாத இடத்தில் அவளையும் துணைக்கு என்னையும் உட்கார வைத்தார். தெரிமா காசே, காக். நன்றி, அக்கா.

இனி அந்தத் தங்கச்சி. கல்லூரியில் படிக்கிற வயதுதான் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டு முடிந்து அரங்கமே கை தட்டியபோது எங்கள் தோழி வலது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினாள். சத்தம் வரவில்லை. இரண்டாவது பாட்டு முடிந்ததும் அந்தப் பெண் தன் இடது உள்ளங்கையை விரித்து அவள் முன்னால் நீட்டினாள். எங்கள் தோழி ஒரு நொடி புரியாமல் பார்த்தாள். பிறகு அந்தக் கையில் ஓங்கித் தட்டினாள். கச்சேரி முடியும்வரை ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தக் கை வந்தது. கடைசியில் உள்ளங்கை சிவந்திருந்ததை நான் பார்த்தேன். எத்தனையோ மாதம் கூடவே இருந்தும் எங்களுக்குத் தோன்றாத ஒன்று அது.

இரவு, கிராப் வாடகைக் காரில் மாத்திரைப் பையை விட்டுவிட்டோம். ஒரு வேளைகூடத் தவறக் கூடாத மருந்து. நள்ளிரவு தாண்டி, ஓட்டுநரான சீனப் பெரியவர் எங்களை இறக்கிவிட்ட பிரிக்ஃபீல்ட்ஸுக்கே திரும்பி வந்து கொடுத்தார். இருபது வெள்ளியை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டு, "மக்கான் உபாட் டுலு" என்றார், முதலில் மருந்தைச் சாப்பிடச் சொல்லி.

மறுநாள் பசியாறப் போன துன் சம்பந்தன் சாலைக் கடையில், பரிமாறிய அக்கா அவளுக்கு மட்டும் தோசையைச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்து, இலையின் வலப்பக்கமாக வைத்துக் கொண்டுவந்தார். யாரும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தே செய்தார். அவள் தலை குனிந்து முழுவதையும் சாப்பிட்டாள்.

தங்கச்சி, இரவுக் காற்றில் அவளுக்குக் குளிருகிறது என்று உன் சால்வையைப் போர்த்திவிட்டாயே. கூட்டம் கலையும்போது உன்னைத் தவறவிட்டுவிட்டோம். வாசலில் நெடுநேரம் நின்று பார்த்தோம். நீல நிறம், ஓரத்தில் மஞ்சள் பூ வேலை. ஒற்றைக் கையாலேயே துவைத்து, காயவைத்து, மடித்து அலமாரியில் வைத்திருக்கிறாள். எங்களைத் தொடவிடவில்லை. பினாங்குப் பக்கம் வந்தால் வந்து வாங்கிக்கொள் அம்மா.

அன்புடன்,
பட்டர்வொர்த் தோழிகள்